சில்லென்ற பெட்டி

கம்ப்யூட்டர் மறுபடியும் அணைந்துவிட்டது. சத்தம் இல்லை, புகை இல்லை, ஒரு பொறி இல்லை. ஓடிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது. தணிகாசலம் மோர் டம்ளரோடு சமையலறையிலிருந்து வந்தபோது திரையில் அவருடைய பனியன்தான் தெரிந்தது. சற்றுமுன்வரை அங்கே திருச்சி தெரிந்தது. திருச்சி என்றால் ஊர் அல்ல. மகள் ஹேமா வீட்டு உள்ளறை, அதில் ஒரு கட்டில், கட்டிலில் நீலப் போர்வை, போர்வைக்குள் இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கும் அவர் பெண்சாதி. அவர் எழுந்து போகும்போது தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்கிக்கொண்டிருந்தாளா, கண்ணை மூடியிருந்தாளா. அவளுக்கு அது இரண்டும் வேறு வேறு. பக்கத்தில் இருந்தால் மூச்சை வைத்துச் சொல்லிவிடுவார், திரையில் தெரியாது. தூங்கினால் தப்பித்தோம். ஹேமா மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். போகும்போது பையோடு திரைக்குள் எட்டிப் பார்த்து, "மோரைக் குடிச்சே நாளைத் தள்ளாதீங்கப்பா, ஏதாவது காய் வச்சுச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் திரும்புவதற்குள் இது ஓடவேண்டும். முந்தாநாள் அவள் சொன்னது சொன்னதுதான். "இன்னொரு தடவை இது பாட்டுக்கு அணைஞ்சுதுன்னா அம்மா கட்டிலுக்கு எதிர்ல இருக்கிற இந்த டிவியைக் கழட்டி ஹால்ல மாட்டிடுவேன். அம்மாவுக்குப் பிரஷர் ஏறுது. உங்க விளையாட்டுக்கு அவங்கதான் கெடைச்சாங்களா?" விளையாட்டு. மோரை ஒரே மடக்கில் குடித்தார். உப்புப் போட மறந்திருந்தார்.

அணைந்தால் இந்தப் பக்கம் கறுப்பு. அந்தப் பக்கம் அப்படி இல்லையாம். அந்தப் பக்கம் இவர் முகம் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே நின்றுவிடுமாம். முதல் தடவை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வாய் பிளந்து, கண் செருகி, தலை ஒரு பக்கமாக. அவள் படுத்தபடியே "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். பதில் இல்லை. எழுந்து வந்து தொட முடியாது. எழுந்தால்தான் என்ன, நடுவில் அத்தனை ஊர். ஹேமா ஓடிவந்து பார்த்து, இவர் போனுக்கு அடித்து, போன் தலையணைக்கடியில் கிடக்க, மாடிவீட்டு டேவிட்டுக்கு அடித்து, டேவிட் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கதவை இடித்தான். திறந்து "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல சார், நீங்க இருக்கீங்களான்னு பார்க்கச் சொன்னாங்க." "இருக்கேன்." சாத்திவிட்டார். சாத்திய பிறகு அங்கேயே நின்றார். இருக்கீங்களா. என்ன கேள்வி அது. அதைக் கேட்க ஒருத்தன் படி இறங்கி வரவேண்டியிருக்கிறது. அவன் வராமல் இருந்திருந்தால் இருக்கேன் என்று சொல்ல வேண்டியும் இருந்திருக்காது. நாள் முழுக்க யாரிடமும் அதைச் சொல்லவேண்டியது இல்லை. அன்று ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று கொட்டாவி விட்டுப் பார்த்தார். பயப்படுகிற மாதிரித்தான் இருந்தது.

சப்ளை சரி. அதை முதலில் பார்த்தாயிற்று. துணை மின்நிலையத்தில் ஷிஃப்ட் பார்த்த ஆள், சப்ளையைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பார். ஆயுசு பூராவும் அதுதான் வேலை. போன் அடிக்கும், லைன் போச்சு என்பார்கள், எங்கே விட்டுப்போனது என்று ஒவ்வொரு கட்டமாகப் பின்னால் போகவேண்டும். இங்கேயும் பின்னால் போனார். அடாப்டரை மாற்றினார். பிளக் பாயின்ட்டை மாற்றினார். இன்வெர்ட்டரைத் துண்டித்து நேர் கரன்ட்டில் ஓட்டினார், நேர் கரன்ட்டைத் துண்டித்து இன்வெர்ட்டரில் ஓட்டினார். மீட்டர் வைத்துப் பார்த்தால் ஆடாமல் அசையாமல் நிற்கிறது முள். சப்ளை சரி. சப்ளை சரி என்றால் ஏன் நிற்கிறது. சப்ளையில் கோளாறு இல்லாமல் எதுவும் நிற்காது. அப்படியானால் சப்ளை சரியில்லை. ஆனால் சப்ளை சரி. இந்த இடத்துக்கு வந்ததும் மனசு செக்குமாடு மாதிரி திரும்ப அதே தடத்தில் விழுகிறது. மாடியில் குக்கர் கூவியது. யார் வீட்டு மோட்டாரோ தண்ணி நிறைந்தும் ஓடிக்கொண்டிருந்தது, சுவரோரம் தண்ணி விழுகிற சத்தம், அணைக்க ஆள் இல்லையா, அணைக்கவேண்டியது ஓடுகிறது, ஓடவேண்டியது அணைகிறது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திருப்புளியைத் தேடினார். அது மேஜைமேல்தான் கிடந்தது. திட்டுவதற்கு ஒருத்தரும் இல்லாததால் திருப்புளியையே திட்டினார்.

பெட்டி சின்னது. சாப்பாட்டு டப்பா அளவு. கன்னங்கரேலென்று, அலுமினியம், மேலே விலா விலாவாகப் பட்டைகள். உள்ளே காற்றாடி கிடையாது. பெட்டியின் உடம்பேதான் சூட்டை வாங்கி வெளியே விடும். கடைக்காரன் வேண்டாம் என்றான். "காத்தாடி இல்லாம நம்மூர் வெயில் தாங்காது சார். யாருக்கு, பேரப்பிள்ளைக்கா? கேம்ஸ் ஆடுவாங்களே, பெரிசா வாங்கிக்குங்க." "எனக்கு." "உங்களுக்கு எதுக்கு சார்?" "பார்க்க." அவன் என்ன நினைத்தானோ, அதற்குமேல் கேட்கவில்லை. பார்க்கத்தான். ஹேமா காலேஜில் படிக்கும்போது வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது, ஆள் உட்காருகிற உயரம், போட்டால் மாவு மில் மாதிரி இரையும், கரன்ட் போனால் இன்வெர்ட்டர் அழும். அதில்தான் முதலில் அவளைப் பார்த்தார். அந்த இரைச்சலில் அவள் இருமுவது கேட்கவில்லை. இருமல் கேட்கவேண்டும். போர்வையை இழுத்துக்கொள்ளும் சத்தம் கேட்கவேண்டும். அதனால்தான் சத்தமே இல்லாத ஒன்று, குண்டு பல்பு தின்கிற கரன்ட்டில் கால்வாசி தின்கிற ஒன்று, பகலும் ராத்திரியும் விடிவிளக்கு மாதிரி எரிந்துகொண்டே இருக்கிற ஒன்றை அவரே பூட்டினார். போர்டைப் பெட்டிக்குள் வைத்து, நினைவகத்தைக் 'க்ளிக்' என்று அழுத்தி, சூட்டைக் கடத்துகிற சாம்பல் நிறப் பசையைச் சிப்பின்மேல் பொட்டு மாதிரி வைத்து மூடி. மூடியை இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது சந்தோஷமாக இருந்தது. சொல்லலாம் என்று உள்ளறைப் பக்கம் திரும்பினார். திரும்பிய பிறகுதான் உறைத்தது.

போனில் பேசலாமே என்று ஹேமா கேட்டாள். பேசலாம். பேச என்ன இருக்கிறது. "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." "மாத்திரை?" "ஆச்சு." "மழை உண்டா?" "இல்ல." அதோடு முடிந்தது. பிறகு இரண்டு பக்கமும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டும், போனில் சும்மா இருந்தால் கோபம் என்று அர்த்தமாகிவிடும். வீட்டில் அப்படி இல்லை. இந்த ஹாலில் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள், இவர் இந்த நாற்காலியில் பேப்பர் படிப்பார், மத்தியானம் முழுக்க ஒரு வார்த்தை ஓடாது, எதுவும் குறையாது. அந்தப் பேச்சில்லாத நேரம்தான் இப்போது இல்லை. பேச்சை எப்படியாவது திருச்சிக்கு அனுப்பிவிடலாம், அதை எப்படி அனுப்புவது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளை நல்லபடியாகத்தான் கூப்பிட்டார். "மாமா, நீங்களும் எங்ககூட வந்துடுங்க. தனியா என்ன பண்ணப்போறீங்க?" "எனக்கு வீடு இருக்கு." அவ்வளவுதான் சொன்னார். வீடு இருக்கிறது, உண்மை. சொன்ன தொனி அவருக்கே கேட்டது, கொடுத்த காப்பியைத் தரையில் கொட்டியது மாதிரி. மாப்பிள்ளை பிறகு கூப்பிடவில்லை. இவரும் போகவில்லை. நடுவில் ஹேமா வந்து அம்மாவுக்கு மாற்றுப் புடவை என்று ஒரு பை எடுத்துப்போனாள். அப்புறம் வந்து ஒரு பெட்டி. போன மாசம் பித்தளைக் குங்குமச் சிமிழ். கால் சரியாகிற வரைக்கும்தானே, குங்குமச் சிமிழ் எதற்கு. கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள். பீரோவில் அவள் பக்கம் இப்போது கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது, கனம் இல்லை. அவள் வந்துவிடுவாளா என்று அவர் யாரையும் கேட்டதில்லை. பேரப்பிள்ளை கட்டிலோரம் வந்து அவள் காதில் ஏதோ சொல்கிறது, அவள் சிரிக்கிறாள், அதையும் இந்தத் திரையில்தான் பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறாள். பழகிவிட்டாள். டிவியைக் கழற்றி ஹாலில் மாட்டிவிட்டால் இன்னும் சீக்கிரம் பழகிவிடுவாள். முதலில் தினமும் கூப்பிடுவாள், அப்புறம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கூப்பிடுவாள், அப்புறம் ஹேமா "அம்மா நல்லா இருக்காங்கப்பா" என்பாள். அவ்வளவுதான். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, ஒரு பொறி இல்லை. ஓடிக்கொண்டிருந்தது, நின்றுவிடும்.

பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதைத்தான் செய்கிறார். அணைந்ததும் முதல் வேலை கை வைத்துப் பார்ப்பது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் போனாலும் அப்படித்தான், உடம்பில் கை வைத்தால் அது சொல்லும் எவ்வளவு சுமை தாங்குகிறது என்று. இது ஒன்றும் சொல்லவில்லை. மண்பானை மாதிரி இருந்தது. கடைக்காரன் வெயில் தாங்காது என்றான், இங்கே பார், தொடுகிற கைக்கே குளிர்ச்சியாக இருக்கிறது. அதில் ஒரு பெருமைகூட இருந்தது அவருக்கு. சூடு கிடையாது, ஆகவே சூட்டினால் அல்ல, சப்ளை. சப்ளை சரி. பிறகு. அலுமினியத்தில் கை வைத்தபடியே நின்றார். கண்ணெதிரே திரை. பனியன். பனியனுக்குள் ஒரு கிழவன். அப்போது தலையணைக்கடியில் போன் அடித்தது. ஹேமா நம்பர். திரும்பி வந்துவிட்டாள். போச்சு. எடுக்காமல் விடலாமா என்று பார்த்தார். எடுக்காவிட்டால் டேவிட் படி இறங்குவான்.

எடுத்தார். "சொல்லு."

"என்னங்க." ஹேமா இல்லை. அவள். "அணைஞ்சு போச்சு பாருங்க."

"தெரியும். நீ தூங்கலியா?"

"நான் எங்க தூங்கினேன். எல்லாம் பார்த்துட்டுத்தான் இருந்தேன். போனை இங்கயே வச்சுட்டுப் போயிருக்கா. இந்தத் தடவை வெறும் நாற்காலிதான் நின்னு போயிருக்கு, உங்க துண்டோட. பயம் ஒண்ணும் இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவ வர்றதுக்குள்ள சரி பண்ணுங்க."

"பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

"பார்த்துட்டே இருந்தா ஆச்சா. அவ சொன்னா செஞ்சுடுவா, உங்க பொண்ணு இல்லியா. கழட்டிட்டா அப்புறம் எனக்கு இந்த சீலிங் ஃபேன்தான் பார்க்க. நாள் பூரா அதையே பார்த்தா கிறுக்குப் பிடிச்சுடும்."

போனைக் காதோடு வைத்தபடி கறுத்த திரையைப் பார்த்தார். அவளும் பார்க்கிறாளா. இத்தனை நாளும் தான் பார்ப்பதற்காக என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்; தான் பார்க்கிறோம், அவள் படுத்திருக்கிறாள். அந்தப் பக்கம் ஒரு ஜோடி கண் இருப்பது மனசில் படவே இல்லை. என்னத்தைப் பார்த்திருப்பாள். துண்டால் முதுகைச் சொறிவதை. பேப்பரில் எச்சில் தொட்டுப் புரட்டுவதை.

"இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன்."

"என்ன ஆச்சு அதுக்கு?"

"தெரியல. சப்ளை சரி."

"சூடாயிருக்கா? இங்க மாப்பிள்ளை லேப்டாப் சூடானா அணைஞ்சு போகுதாம், திட்டிட்டு இருந்தார்."

"சூடெல்லாம் இல்ல. தொட்டா ஜில்லுனு இருக்கு."

"ஜில்லுனா?" குரலில் ஒரு பழைய காரம் ஏறியது. "அதுமேல இருந்த பிளாஸ்டிக்கை உரிச்சீங்களா இல்லியா?"

"எதுமேல?"

"எதுமேலயோ. நீங்க எதை உரிச்சிருக்கீங்க. ஏதாவது ஒண்ணு மேல இருக்கும். தேடிப் பாருங்க."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"இருக்கும். வாசல்ல ஆட்டோ சத்தம் கேக்குது. வைக்கிறேன்."

வைத்துவிட்டாள். எதை உரித்திருக்கிறார் என்கிறாள். உள்ளபடியே எதையும் இல்லை. புதுசு என்று ஒன்று வீட்டுக்குள் வந்தால் அதன்மேல் ஒட்டிவருகிற தாளோடுதான் அது வாழவேண்டும், இந்த வீட்டுச் சட்டம் அது, சட்டம் போட்டவர் அவர். ஃபிரிட்ஜ் கதவின் நீலத் தாள் ஓரம் சுருண்டு கறுத்து அழுக்கேறிய பிறகும் அப்படியே இருந்தது. ரிமோட்டுக்கு உறை, உறைக்கு ரப்பர் பேண்டு. மிக்ஸியின் நெற்றியில் இன்னும் கம்பெனி ஒட்டிய சீட்டு. சோபாவை மூடிய பிளாஸ்டிக்கில் வெயில் காலத்தில் உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொண்டு எழும்போது தோல் உரியும். வருகிறவர்கள் மரநாற்காலியைத் தேடுவார்கள். கீறல் விழக்கூடாது, அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரு நாள் இவர் ஷிஃப்டுக்குப் போனபோது அவள் ஃபிரிட்ஜ் தாளை ஒரே இழுப்பாக உரித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டிருந்தாள். வந்து பார்த்தார். உள்ளே வெள்ளைவெளேரென்று, ஏதோ வேறு வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி. அவர் பேசாமல் இருந்த நாட்களில் அவளும் பேசவில்லை, குறுக்கே நடக்கும்போது மட்டும் "பொருளை வாங்கிட்டா தொடணும்ங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். ஃபிரிட்ஜ் வேறு, இது வேறு. இதில் பிளாஸ்டிக் எங்கே. பெட்டியில் இல்லை, போர்டில் இல்லை. மூடியின் அடிப்பக்கம் ஒரு அலுமினியக் கட்டி, சிப்பின் தலையில் போய் உட்காருவது, அது கண்ணாடி மாதிரி வழவழப்பாக, அதன் முகத்தில். அதன் முகத்தில் ஒரு தாள் இருந்தது. இருந்தது. தண்ணி நிறத்தில், மெல்லிசாக. ஒரு மூலை லேசாக எழும்பியிருந்தது. அவர் பார்த்தார். பார்த்து, கட்டைவிரலால் அந்த மூலையை அழுத்தி, குமிழ் இல்லாமல் நீவி, ஒட்டிவிட்டுத்தான் மூடியை வைத்தார்.

உட்கார்ந்தார். பாவிப்பயலே என்று தன்னைத்தான் சொன்னார், சத்தமாகவே. டிரான்ஸ்ஃபார்மரில் சூட்டை வெளியே கொண்டுவருகிற எண்ணெய் ஓடாமல் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும். உள்ளே சுருள் வெந்துகொண்டிருக்கும், வெளியே ரேடியேட்டரைத் தொட்டால் சில்லென்று இருக்கும். ராத்திரி ஷிஃப்டில் புதுசாக வந்தவர்களுக்கு அவரே சொல்லியிருக்கிறார், சுமை ஏறுகிற நேரத்தில் ரேடியேட்டர் சில்லென்று இருந்தால் பயப்படு என்று. கை வைத்துக் கை வைத்துப் பெருமைப்பட்டதெல்லாம் இதற்குத்தான். சூடு வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சுழன்று சுழன்று, தாங்கமுடியாத இடத்தில் சிப்பு தானாகக் கண்ணை மூடிக்கொள்கிறது. செத்துப்போகாமல் இருக்க அதற்குத் தெரிந்த வழி அது. சப்ளை சரியாகத்தான் இருந்திருக்கிறது. எல்லா நாளும் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

திருகாணிகள் கழன்று வந்தன. ஒன்று உருண்டு சோபாவுக்கடியில் போனது, போகட்டும். மூடியைப் புரட்டினால் பசை தாளின்மேல் அப்பியிருந்தது, சாம்பலாக, அழகாக, ஒரு பிரயோஜனமும் இல்லாமல். பழைய பனியனைக் கிழித்துத் துடைத்தார். நகத்தால் மூலையைத் தேடினார். அவரே நீவி ஒட்டியது, சுலபத்தில் அகப்படவில்லை. அகப்பட்டதும் இழுத்தார். சின்னச் சத்தம், எண்ணெய்ச் சட்டியில் தண்ணி தெறிக்கிற மாதிரி. தாளுக்குக் கீழே அலுமினியம் ஈரம்பட்டதுபோல் மினுங்கியது. தாளை உதறினால் விழவில்லை, விரலில் ஒட்டியது. மற்ற விரலால் எடுத்தால் அந்த விரலில் ஒட்டியது. கடைசியில் வேட்டியில் தேய்த்தார். பசை ட்யூபை அடியிலிருந்து சுருட்டிப் பிதுக்கியதில் ஒரு பொட்டுக்குத் தேறியது. வைத்தார். மூடினார். இருந்த திருகாணிகளை இறுக்கினார். ஆட்டோ எப்போதோ நின்றிருக்கும். ஹேமா பையை வைத்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு, உள்ளறைக்கு வந்து பார்த்திருப்பாள், நின்றுபோன நாற்காலியை. ஸ்டூலை எடுத்துப்போட்டு ஏறியிருப்பாள். பொத்தானை அழுத்தினார். சத்தம் கிடையாது இதற்கு, ஓடுகிறதா இல்லையா என்பதுகூடத் தெரியாது, ஒரு பச்சைப் புள்ளி மட்டும். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது. அவள் அந்தப் பக்கம் கூரையைப் பார்த்துப் படுத்திருப்பாள். அவளும் ஒரு வட்டத்தைப் பார்த்துத்தான் படுத்திருப்பாள். வட்டம் நின்றது.

ஹேமாவின் வயிறு தெரிந்தது. ஸ்டூல்மேல் நின்றிருந்தாள், கை டிவிக்குப் பின்னால். கையை எடுத்துவிட்டுக் கீழே குனிந்து பார்த்தாள்.

"வந்துட்டீங்களா," என்றாள். "எத்தனை நேரத்துக்கு?"

"பார்."

"பார்க்கத்தானே போறேன். சோறு வடிக்கிற வரைக்கும் பார்க்கிறேன். அதுக்குள்ள போச்சுன்னா கழட்டினதுதான்."

ஸ்டூலை எடுக்காமல் போனாள். கட்டில், நீலப் போர்வை, போர்வைக்கு வெளியே ஒரு கை. அவள் முகத்தை இந்தப் பக்கம் திருப்பியிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இவரும் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பெட்டியின்மேல் கை வைத்தார். சில்லென்றுதான் இருந்தது. இன்னும் நேரம் இருக்கிறது. அந்தப் பக்கம் எங்கோ குழாயில் தண்ணி விழுந்தது, இந்தப் பக்கம் மோட்டார் நின்றிருந்தது. அவள் இருமினாள். கேட்டது. பேப்பரை எடுத்தார், படிக்கவில்லை. முதுகு அரித்தது, சொறியலாமா என்று யோசித்து, சொறிந்தார். போர்வைக்கு வெளியே இருந்த கை லேசாக அசைந்தது, சிரிக்கிறாளோ என்னவோ. பழகியிருந்தாலும் பழகியிருக்கட்டும். குங்குமச் சிமிழும் அங்கேயே இருக்கட்டும். அந்த வீட்டில் இவருக்கு ஒரு நாற்காலி போடுவார்களா என்று கேட்கலாம். கேட்டால் என்ன. இன்றைக்கு இல்லை. உள்ளங்கைக்குக் கீழே ஏதோ மாறியது. முதலில் தன் கைச்சூடு என்று நினைத்தார். கையை எடுத்துவிட்டு வைத்தார். இல்லை. விலா விலாவாக ஏறி வந்தது சூடு, காய்ச்சல்கார நெற்றி மாதிரி இல்லை, தூங்கி எழுந்த உடம்பு மாதிரி. வழக்கமாக அணைகிற நேரம் வந்தது. அது கடந்து போவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை எடுக்க மனசில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஹேமா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள். திரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். ஸ்டூலைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"பரவால்லியே. யாரைக் கூப்பிட்டீங்க? நீங்களே பண்ணியிருக்கமாட்டீங்க. யாருப்பா வந்து சரி பண்ணினது?"

தணிகாசலம் தொண்டையைச் செருமினார். வீட்டில் அந்தப் பெயரை அவர் சொல்லி ஹேமா கேட்டதில்லை. உங்கம்மா, இல்லாவிட்டால் இந்தா, அவ்வளவுதான்.

"லோகநாயகி" என்றார்.